புளியிட்டுத் துலக்கிய பிடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்களித்த தலைப்பு 'படைக்கலமும் பாட்டும்' என்பது. அழைப்பிதழைக் கண்ட நண்பர்கள் சிலர், "புறநானூற்றின் 95ஆம் பாட்டைத்தானே பேசப் போகிறீர்கள்?" என்று முன்னதாகவே கேட்டுவிட்டனர். அவர்கள் எதிர்பார்த்ததில் தவறில்லை. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், நெய் பூசிப் பீலி சூட்டிக் காவல் மனையில் வைத்திருந்த அவன் படைக்கலங்களையும், நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களையும் அருகருகே நிறுத்திக் காட்டிய அப்பாட்டை இம்மன்றத்தில் விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இருபதாண்டுகளாக அதை வகுப்பில் நடத்தி வருகிறேன். நடத்திய காலத்தின் பெரும்பகுதியும், ஒரு படைக்கலத்தையேனும் கையால் தொட்டறியாதவளாகவே நடத்தினேன். அருவாமணையும் தேங்காய் உடைக்கும் அரிவாளுமே நான் அறிந்த இரும்பு. அந்த நிலை மாறியது எப்படி என்பதும், மாறியபோது நான் செய்த பெரும் பிழை ஒன்றும்தான் இன்று நான் சொல்ல வந்தவை. தலைப்பிலிருந்து சற்று விலகுவதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2016ஆம் ஆண்டின் இறுதியில் என் கணவர் மருத்துவமனைப் பணியொன்றை ஏற்று இரண்டாண்டுக் காலத்துக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குச் சென்றார். ஊதியமில்லா விடுப்பில் நானும் உடன் சென்றேன். ஷெஃபீல்டு எஃகு நகரம். கத்தி, கத்தரி, அரம், அரிவாள் என்று கூர்மை உடைய எப்பொருளுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற ஊர். எங்கள் அடுத்த வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் தனியே வாழ்ந்துவந்தார். கத்தி ஆலையில் சாணை பிடிப்பவராக நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அவ்வூரார் கடைக்காரரானாலும் பேருந்து ஓட்டுநரானாலும் எதிரில் நிற்பவரை 'லவ்' என்றே விளிப்பர். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. நம்மூர்க் 'கண்ணு'வைப் போன்றதுதான் அது என்று பின்னர்ப் புரிந்தது. பெரியவரும் என்னை அப்படியே அழைத்தார்.

அவர் வீட்டு மாடியறையில் மரச்சட்டங்களில் 34 பயனெட்டுகள் இருந்தன. துப்பாக்கியின் வாயில் பொருத்தும் கத்தியைத்தான் சொல்கிறேன். பிரான்சு நாட்டுப் பயோன் என்ற ஊரின் பெயரால் வந்த சொல் அது என்பர். வடக்கே சங்கீன் என்கிறார்கள். தமிழில் துப்பாக்கிச் சனியன் என்று சொல்வோரும் உண்டு. பெரியவர் திரட்டியவை அனைத்தும் பிரிட்டிஷ் படைக்குரியவை. அவற்றுள்ளும் வாள்பயனெட் என்னும் வகையைச் சேர்ந்தவை. மூன்று பட்டையுள்ள நீண்ட ஊசிபோல் அமைந்து, குழாய்போன்ற அடியால் துப்பாக்கிக் குழலின் மேல் செருகப்படுவது ஒரு வகை. அதைக் கழற்றிக் கையில் பிடித்தால் பிடி இராது. குத்துவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. வாள்பயனெட் அப்படியன்று. அதற்குப் பிடியும் அலகும் உறையும் உண்டு. துப்பாக்கியில் பூட்டினால் ஈட்டி; கழற்றினால் வாள்.

பெரியவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருந்தது. ஓரப் பார்வையால் அறைக்குள் நடமாடுவார். எழுத்தைப் படிக்க இயலாது. நாற்பதாண்டுகளாகத் திரட்டிய பொருள்களுக்கு முறையான பட்டியல் எழுதி வைக்கவில்லையே என்பது அவர் கவலை. நானோ முனைவர் பட்டத்துக்காக ஆறாண்டு ஓலைச்சுவடிகளோடு போராடியவள். மங்கிய எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் காலை பூதக்கண்ணாடியும் கைவிளக்கும் ஒரு புதிய குறிப்பேடும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன.

அன்று தொடங்கி ஏழு திங்கள், வாரம் இருநாள், இரும்பைப் படித்தேன்.

முதலில் எனக்குப் பிடிபட்டது இக்கத்திகளின் நீளத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் காலாட்படையின் சாதாரணத் துப்பாக்கிக்குக் குழல் 39 அங்குலம். 1800இல் லண்டன் கம்மியர் எசக்கியேல் பேக்கர் அமைத்த புரிகுழல் துப்பாக்கிக்கு 30 அங்குலமே. குறி தப்பாது சுடும், ஆனால் குட்டை. குதிரைவீரன் பாய்ந்து வரும்போது இந்தக் குறை உயிரைக் குடித்துவிடும். ஆகவே குழலில் இழந்த நீளத்தைக் கத்தியில் ஈடுசெய்தனர். ஏறத்தாழ 23 அங்குல அலகும், விரல்களைக் காக்கும் வளைவோடு கூடிய பித்தளைப் பிடியும் கொண்ட வாள்பயனெட் அவ்வாறு பிறந்தது. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பெயர்பெற்ற 95ஆம் ரைஃபிள் படைப்பிரிவினர் ஏந்தியது அதுதான். அவர்கள் அதை வாள் என்றே அழைத்தனர். இன்று பிரிட்டிஷ் படையில், 2007இல் உருவான ரைஃபிள்ஸ் படைப்பிரிவினர் பூட்டுவது ஒரு சிறு கத்தியையே. எனினும் அணிவகுப்பில் அவர்களுக்கு இடப்படும் ஆணை 'வாளைப் பூட்டு' என்பதே. எள்ளின் நெய்க்கு மட்டும் உரியதாக இருந்த எண்ணெய் என்னும் சொல்லை நாம் தேங்காய்க்கும் மண்ணுக்கும் விரித்துக்கொண்டோம் அல்லவா? சொல் நிற்கப் பொருள் மாறுவது எல்லா மொழிக்கும் பொது. ஒரு படையணியின் தன்மானம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருநூறாண்டு நிற்கிறது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த சட்டத்தில் 1856ஆம் ஆண்டு அமைப்பைச் சேர்ந்தவை இருந்தன. அவற்றின் அலகு, நீரில் நெளியும் பாம்புபோல் ஒருமுறை உள்வாங்கி மறுமுறை வெளியேறும். துருக்கியரின் யாதகான் வாளிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்து, அவர்களைப் பார்த்துப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்ட வடிவம். அழகுக்காகச் செய்ததென்று எண்ணி நான் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன். பெரியவர் சிரித்தார். அக்காலத் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடிக்க வேண்டும். கத்தி பூட்டியிருக்கும்போது இடிக்கும் கை அலகில் படாமல் இருக்கவே அந்த விலகல். பின்னாலிருந்து மருந்திடும் துப்பாக்கிகள் வந்தபின் அந்த வளைவுக்கு வேலையில்லாமல் போயிற்று. அலகின் இருபுறமும் ஓடும் பள்ளத்தை இரத்தம் வடிவதற்கான வாய்க்கால் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டிருந்தேன். அது வலிமை குன்றாமல் எடையைக் குறைக்கும் உத்தி மட்டுமே. குருதி மணக்கும் கதைகளைப் பரப்பியதில் நம் போன்ற எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு.

1888இல் அலகு 12 அங்குலமாகச் சுருங்கியது. பின்னர்த் துப்பாக்கி மீண்டும் குட்டையானபோது, ஜப்பானியரின் அரிசாகா பயனெட்டைப் பின்பற்றி 17 அங்குல அலகு வந்தது. இதுவே 1907ஆம் ஆண்டு அமைப்பு எனப்படுவது. பேக்கர் காலத்துக் கணக்குத்தான், நூறாண்டு கழித்து. முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். அந்தப் போரில் காயமுற்றோர் பற்றிப் பிரிட்டிஷார் பின்னர் வெளியிட்ட மருத்துவக் கணக்கில் பயனெட்டால் காயமுற்றோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியுமே கொன்றன. கத்தியோ பெரும்பாலும் விறகு பிளந்தது, பெட்டி திறந்தது, குழியின் சுவரில் ஆணியாக நின்று தொப்பியைத் தாங்கியது.

பெரியவர் திரட்டத் தொடங்கியதன் காரணம் போரன்று. அவருடைய தாய்வழிப் பாட்டனார் முதல் உலகப்போர்க் காலத்தில் ஷெஃபீல்டின் சாண்டர்சன் பிரதர்ஸ் அண்டு நியூபோல்டு ஆலையில் பயனெட் அலகுகளுக்குச் சாணை பிடித்தவர். அந்த ஆலையின் பெயர் பொறித்த 1917ஆம் ஆண்டு அலகொன்றைச் சந்தையில் கண்டபோது, "இது தாத்தாவின் கைபட்டதாக இருக்கலாம்" என்று வாங்கினாராம். அதுவே முதற்பொருள். சாணைத் தொழிலின் கதை வேறொரு போர்க்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சாணைக்காரர்கள், அதிலும் நீரின்றி உலர்கல்லில் முட்கரண்டி தீட்டியோர், கல்தூசியை உள்ளிழுத்து நுரையீரல் இறுகி நடுவயதுக்கு முன்பே மாண்டனர். கால்வர்ட் ஹாலண்டு என்ற ஷெஃபீல்டு மருத்துவர் 1840களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பயனெட் குத்திச் செத்தவரைக் கணக்கெடுத்த நாடு, பயனெட் செய்து செத்தவரைக் கணக்கெடுத்ததா என்று பெரியவர் ஒருமுறை கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

இனி அலகைப் படிக்கும் முறை. பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதியில் ஒருபுறம் முடியும் மன்னரின் பெயரெழுத்தும் இருக்கும். கீழே அமைப்பின் ஆண்டாகிய 1907. அதன்கீழ்ச் செய்த திங்களும் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கமும். பின்னர் ஆலையின் பெயர். அமைப்பின் ஆண்டைச் செய்த ஆண்டென்று மயங்கி வாங்குவோர் ஏராளம். மறுபுறம் அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, சோதித்தவரின் முத்திரை, ஒரு பெருக்கல் குறி. அந்தப் பெருக்கல் குறிக்குப் பொருள், இந்த அலகு வளைத்துப் பார்க்கப்பட்டு நிமிர்ந்து நின்றது என்பது. வெற்றுச் சடங்கென்று எண்ணிவிட வேண்டா. 1884-85 சூடான் போரில் பயனெட்டுகள் மனித உடலில் பாய்ந்து வளைந்துபோயின என்று இங்கிலாந்தில் பெரும் கூச்சல் எழுந்தது. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை மோதி நின்றால், அரசு அதைக் கைகழுவி விற்றுவிட்டது என்று பொருள். பிடியின் தலையிலோ குறுக்குக் காப்பிலோ படைப்பிரிவின் குறியும் எண்ணும் இருக்கும். ஒரே கத்தி மூன்று படைகளில் இருந்திருந்தால் முந்தைய குறிகளின் மேல் கோடு அடித்திருப்பார்கள். சுவடியின் ஏட்டில் உடையவர் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

இடைச்செருகலும் உண்டு! 1907 அமைப்பின் குறுக்குக் காப்பில் தொடக்கத்தில் முன்னோக்கி வளைந்த கொக்கி ஒன்று இருந்தது. 1913இல் அதை விலக்கினார்கள். ஏற்கெனவே இருந்தவற்றிலும் பலவற்றை அறுத்தெறிந்தார்கள். அதனால் கொக்கியுள்ள கத்தி அரிது, விலை பலமடங்கு. சாதாரணக் கத்தியில் புதுக்கொக்கியை ஒட்டவைத்து விற்போரும் கிளம்பினர். பெரியவர் ஒருமுறை ஏமாந்திருக்கிறார். அந்தக் கத்தியை விற்கவில்லை. "பாடப் புத்தகம்" என்று தனியே மாட்டி வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்து, பொய் எங்கே என்று கேட்டார். பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் கொக்கியின் இணைப்பையே துருவினேன். பொய் அங்கில்லை. அலகில் தேதி 1915 என்றிருந்தது. கொக்கி நீங்கி இரண்டாண்டுக்குப் பின் பிறந்த கத்திக்குக் கொக்கி எப்படி வரும்? அகச்சான்றை விட்டுவிட்டு எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பாசிரியராகத் தேர்ச்சி பெற்றவள் என்ற என் செருக்கு அன்று சற்றே அடங்கியது.

இங்கே ஔவையாரிடம் ஒரு கணம் திரும்புகிறேன். சந்தையில் அதிக விலை பெறுவது எது? படைக்கு வழங்கப்படாமல், கிடங்கில் எண்ணெய்ப் பூச்சோடு கிடந்து, தோலுறை விறைப்புக் குலையாமல் வந்த கத்தி. போர்க்களம் சென்று, சாணையில் பலமுறை தேய்ந்து, பிடியின் மரம் வியர்வையில் கறுத்தது பாதி விலையும் பெறாது. தொண்டைமானின் கொட்டிலுக்கு நூறு பவுன் என்றால் அதியமானின் உலைக்கூடத்துக்கு ஐம்பது. இதைப் பெரியவரிடம் சொல்லிப் பாட்டின் கருத்தையும் விளக்கினேன். அவர் வெகுநேரம் யோசித்து, "அந்த அம்மா சண்டையை நிறுத்தப் போனவர் இல்லையா, லவ்? அப்படியானால் இரண்டு கொட்டிலையும் ஒருநாள் மூட வேண்டும் என்றுதானே நினைத்திருப்பார்?" என்றார். உரையாசிரியர் எவரும் தராத உரை. ஏற்க வேண்டியதில்லை, நானும் முழுதாக ஏற்கவில்லை. வகுப்பில் சொல்லி வருகிறேன்.

இந்த மன்றத்தின் உறுப்பினர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். நம் நாட்டை அடக்கிய படையின் கத்திகளை அழகு பார்ப்பது உங்களுக்குத் தகுமா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. பெரியவரின் 34இல் ஒன்று வங்காளத்து ஈஷாப்பூர் ஆலையில் நம்மவர் செய்தது. இரண்டாம் உலகப்போரில் 17 அங்குலம் மிகை என்று இந்தியப் படைக்கு 12 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள், அவ்வகையைச் சேர்ந்தது. அதைப் பட்டியலில் எழுதும்போது என் கை சற்று நின்றது என்பதை மறைக்கவில்லை. யார் கையில் இருந்தது, யாருக்கு எதிரே நீண்டது என்று அலகு சொல்லாது. அதைச் செய்தவர், ஏந்தியவர், எதிரே நின்றவர் மூவருமே நம்மவராக இருந்திருக்கலாம். அழித்துவிடுவதா, அருங்காட்சியகத்தில் வைப்பதா, ஒரு முதியவரின் மாடியறையில் விடுவதா என்று என்னைக் கேட்டால், முதலில் எழுதி வைப்போம் என்பேன். இதற்கு மேல் என்னிடம் விடையில்லை.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் தவிர்க்க இருமுறை உரையை மாற்றி எழுதினேன்; மனம் ஒப்பவில்லை.

திரட்டுவோரிடையே கொலைப்பாவத்துக்கு நிகரான பாவம் ஒன்றுண்டு, துலக்குவது. எஃகின் மேல் படிந்த பழுப்பும் பித்தளையின் மேல் படிந்த கருமையும் அழுக்கல்ல. ஒருமுறை போனால் மீண்டும் வர நூறாண்டு ஆகும். செந்துரு பரவினால் மெல்லிய எண்ணெய் தொட்டுத் துணியால் ஒற்றுவர். பின்னர்ப் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான மெழுகை மெலிதாகப் பூசுவர். தோலுறைக்குள் நெடுநாள் வைக்கமாட்டார்கள். தோலைப் பதப்படுத்திய அமிலப் பொருள் இரும்பை அரித்துவிடும். உப்புத்தாள், அமிலம், சாணை எதுவும் அருகில் வரக்கூடாது. வாழ்நாளெல்லாம் சாணை பிடித்தவர் தம் வீட்டுக் கத்திகளை மட்டும் தீட்டாமல் வைத்திருந்தார். இவையெல்லாம் எனக்கு முதல் வாரமே சொல்லப்பட்டவை.

பேக்கர் வாள்பயனெட் அவரிடம் ஒன்றே ஒன்று. 1960களில் பழைய சாமான் கடையில் சில பவுனுக்கு வாங்கியது. அவர் திரட்டில் அதற்கு ஈடு இல்லை. அதைப் பட்டியலின் இறுதிக்கென்று ஒதுக்கியிருந்தார். காரணம் இதுதான்: விரல் காக்கும் பித்தளை வளைவின் உட்புறத்தில், படையினர் எவரோ ஊசிமுனையால் கீறியதுபோல் நுண்ணிய எழுத்துகள் இருந்தன. கட்டைவிரலால் தடவினால் அவருக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நெடுநாளைக்கு முன் அவர் மனைவி விளக்கடியில் வைத்துப் படித்து, ஓர் ஆளின் பெயர் என்று சொன்னாராம். என்ன பெயர் என்பதை எழுதி வைக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் அவளைக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தார். 1998இல் அந்த அம்மையார் காலமானார்.

இந்தச் செய்திகளில் ஒன்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. என்னைக் கொண்டு அந்தப் பெயரை மீட்டெடுப்பது அவர் தம் மனத்துக்குள் வைத்திருந்த திட்டம். 2017 ஜூனில் அவருடைய பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பட்டியலுக்காக என்று சொல்லிப் பேக்கரை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சமையலறை மேசையில் வைத்தேன். கருத்து, களிம்பேறி, நம் வீட்டுப் பரணில் கிடக்கும் குத்துவிளக்குப்போல் இருந்தது. மறுநாள் பிறந்தநாள். எஃகைத்தான் துலக்கக்கூடாது, பித்தளையைத் துலக்காமல் வைப்பது நம்மில் மூதேவியை அழைப்பதல்லவா? என் மாமியார் நினைவு வந்திருக்க வேண்டும். ஊறவைத்திருந்த புளியை எடுத்தேன். கொஞ்சம் உப்பு. பிறகு பாத்திரம் தேய்க்கும் நார். கால் மணி நேரத்தில் இருநூறாண்டுக் கருமை கழுவுதொட்டியில் ஓடிற்று. பிடி பொன்போல் மின்னியது. மகிழ்ச்சியோடு ஒரு நாடாகூடக் கட்டினேன்.

மறுநாள் அதை அவர் கையில் கொடுத்தேன். நடுப்பார்வை இல்லாத கண்ணுக்கும் அந்த மினுமினுப்புத் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் வளைவின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். பின்னர், "போயிற்றா, லவ்?" என்று மட்டும் கேட்டார். என்ன போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் மனைவி படித்த கதையைச் சொன்னார்.

சுவடி அறிந்தோருக்கு என் குற்றத்தின் அளவு விளங்கும். ஓலையில் எழுத்தாணி கீறுவது பள்ளம் மட்டுமே. அதில் மை இல்லை. விளக்குக்கரியைத் தடவி ஒற்றியெடுத்தால் பள்ளத்தில் கருமை தங்கி எழுத்து எழும்பும். கரியைக் கழுவிவிட்டால் ஓலை வெற்றோலைபோல் தோன்றும். அந்தப் பித்தளைக் கீறல்களை வாழவைத்தது அவற்றில் தங்கிய அழுக்கே. புளி அதை அரித்தது. நார் கீறலின் விளிம்பையே தேய்த்துவிட்டது. இதையே பிழைப்பாகக் கொண்டவள் இதைச் செய்தேன்.

அன்றிரவு அகலில் நெய்யூற்றித் திரி கொளுத்தி, பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரி எடுத்தேன். ஒரு துளி எண்ணெயில் குழைத்து, என் ஆசிரியர் மதுரையில் கற்றுக்கொடுத்தபடி, வளைவின் உட்புறத்தில் தடவி மெல்லிய துணியால் ஒற்றினேன். கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துக் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதலில் ஜே என்னும் எழுத்து ஐயமின்றி எழுந்தது. அடுத்து ஒரு விரற்கடை அளவுக்கு நாரின் கீறல்கள் மட்டுமே. அதன்பின் என். பின்னர் இடைவெளி விட்டு 47 என்னும் எண். ஏழு ஒன்றாகவும் இருக்கலாம். மூன்று இரவுகள் முயன்றேன். அதற்கு மேல் ஓர் எழுத்தும் கிட்டவில்லை. ஜான்சன், ஜேம்சன், ஜாக்சன் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். பெரியவர் தடுத்தார். நல்ல பதிப்பாசிரியர் ஊகத்தைப் பாடத்தில் சேர்ப்பாரா என்று கேட்டார். சேர்க்கமாட்டார்.

என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். குறிப்பேட்டைக் கொண்டுவரச் செய்து, பேக்கர் பதிவின் கீழ் நிலை என்னும் பத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். "பிடி துலக்கப்பட்டது" என்று எழுதினேன். போதாது என்றார். எதனால், யாரால், எந்த நாளில் என்று கேட்டார். புளியும் உப்பும் நாரும் என்று எழுதினேன். என் பெயரையும் தேதியையும் எழுதினேன். அவர் மனைவி ஒருகால் படித்தார் என்பதையும், அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதச் சொன்னார். அது என் பிழைக்கு ஆறுதலாகச் சேர்த்ததென்று எண்ணி, வேண்டாம் என்றேன். "இது என் பங்கு, லவ். எழுது" என்றார்.

2018 இறுதியில் நாங்கள் ஊர் திரும்பினோம். 2019இல் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். அவ்வாண்டே மகள் திரட்டை ஏலத்துக்கு விட்டார். ஏல நிறுவனத்தார் அச்சிட்ட பட்டியலை மகள் எனக்கு அனுப்பியிருந்தார். பேக்கரின் குறிப்பில் என் பெயர் விடுபட்டிருந்தது, புளி இருந்தது. பிடி துலக்கப்பட்டதால் அதன் மதிப்பு குறைவாகவே இடப்பட்டிருந்தது. வாங்கியவர் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் படியையும் கேட்டுப் பெற்றுக்கொண்டாராம்.

மூலக் குறிப்பேட்டை மகள் எனக்கே கொடுத்துவிட்டார். இன்று கொண்டுவந்திருக்கிறேன், விரும்புவோர் கூட்ட முடிவில் பார்க்கலாம். முப்பத்து நான்காம் பதிவில் ஜே என்ற எழுத்தும், சிதைந்த இடத்துக்கு நம் பதிப்புகளில் இடும் வழக்கப்படி ஐந்து புள்ளிகளும், என் என்ற எழுத்தும், 47 என்ற எண்ணும் இருக்கும். ஏழின் மேல் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.